சுனாமியா பேசிற்று?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேரே வருகிறேன். பிரிவினைச் சண்டையைத் தீர்ப்பது பேச்சுவார்த்தைதான் என்பது எங்கள் கட்சி, பலம்தான் என்பது எதிரணியின் கட்சி.

எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். "இந்தோனேசியாவின் ஆச்சேயில் சண்டையை நிறுத்தியது பேச்சா? சுனாமி ஐயா, சுனாமி!" என்றார். சரி, அந்தச் சுனாமிக்கே போவோம்.

2004 டிசம்பர் 26. பண்டா ஆச்சே சிறையில் இர்வாண்டி யூசுப் என்று ஒரு கைதி. 1976 முதல் தனிநாடு கேட்ட ஆச்சே விடுதலை இயக்கத்துக்காரர். தண்ணீர் சிறைக்குள் ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது, மனிதர் மேல்கூரையை உடைத்துக்கொண்டு தப்புகிறார். இப்போது நன்றாகக் கேளுங்கள். எந்த அரசு அவரைப் பூட்டி வைத்ததோ, அதே அரசு 2006 டிசம்பரில் நடத்திய தேர்தலில் அதே ஆள் ஆச்சேயின் ஆளுநர்! சிறையை உடைத்தது அலை, ஒப்புக்கொள்கிறேன். வாக்குச்சீட்டில் அவர் பேரைப் போட்டது எது? ஹெல்சிங்கி மேசை ஐயா! பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அத்திசாரி நடுவில் உட்கார, ஐந்து சுற்றுப் பேச்சு. இயக்கத்தார் தனிநாட்டை விட்டுக்கொடுத்தார்கள், அரசு ஆச்சேயில் உள்ளூர் அரசியல் கட்சிகளுக்கு வழிவிட்டது. 2005 ஆகஸ்ட் 15 கையெழுத்து. அப்புறம் இயக்கத்தின் 840 துப்பாக்கிகள் ஊர் பார்க்க அறுபட்டன.

நண்பரே, அதே அலை அதே நாளில் இலங்கையிலும் அடித்ததே! நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிட 2005 ஜூனில் அரசும் புலிகளும் கையெழுத்துப் போட்டார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றம் முக்கியப் பகுதிகளை நிறுத்தி வைத்தது. பேச்சு முறிந்தது, மறுபடி போர் மூண்டது, 2009 மே வரை நடந்ததை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுனாமிதான் சமாதானம் தரும் என்றால் முல்லைத்தீவுக்கு ஏன் தரவில்லை?

இன்னும் வாதம் வைத்திருந்தேன், வேண்டாம், மனசு வரவில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு தாய்மார்கள் சாலையோரம் உட்கார்ந்தார்கள். "என் பிள்ளை எங்கே?" என்பது ஒன்றுதான் கேள்வி. பதில் தெரியாமலே பல அம்மாக்கள் செத்தும் போனார்கள் ஐயா. பலம்தான் தீர்வு என்கிற என் எதிரணி, அந்த அம்மாக்களுக்கு என்ன தீர்வு கொடுத்தது? அடுத்துப் பேச வருபவர் அதற்குப் பதில் சொல்லட்டும்.