தார்க்குச்சியும் ஈயும்

அவையோருக்கு வணக்கம். ஓயாமல் கேள்வி கேட்டு அதிகாரத்தில் இருப்பவர்களை நச்சரிக்கும் ஆளை ஆங்கிலத்தில் ‘கேட்ஃபிளை’ என்பார்கள். ‘மாட்டு ஈ’ என்று தமிழில் எழுதி நகர்ந்துவிடுகிறோம். எந்த ஈ என்று கேட்டால்தான் சிக்கல்.

அந்த ஒரு பெயருக்குள் இரண்டு வகை ஈக்கள் அடக்கம். ஒன்று, தபானிடே குடும்பம். முட்டை வளர இரத்தம் வேண்டும் என்பதால் பெண் ஈ மட்டுமே கடிக்கும். ஆண் பூந்தேனோடு சரி. கொசு ஊசி இறக்கி உறிஞ்சுகிறது. இதுவோ கத்தி போன்ற வாயுறுப்பால் தோலை அறுத்து, கசிவதை நக்குகிறது. வலி பொறுக்காமல் மாடு வாலை வீசும். அரைகுறையாகக் குடித்த ஈ எழுந்து பக்கத்து மாட்டில் உட்காரும். வாயில் ஒட்டிய ஈர இரத்தமும் கூடவே போகும். கால்நடைகளைத் தாக்கும் சர்ரா என்ற இரத்த நோய் பரவுவது இப்படித்தான். 1880-இல், இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கானில், கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் அந்த நோயின் கிருமியைக் கண்டறிந்தார். ஈயை நிம்மதியாகக் குடிக்கவிட்டால் நோய் இவ்வளவு பரவாது. எந்த மாடு விடும்?

இன்னொன்று கடிக்கவே கடிக்காது. மாட்டின் கால் மயிரில் முட்டையை ஒட்டிவைக்கும், அவ்வளவுதான். புழு தோலைத் துளைத்து உள்ளே போய், மாதக்கணக்கில் ஊர்ந்து, முதுகில் கட்டியாகப் புடைத்து, மூச்சுவிட ஒரு துளை போட்டுக்கொள்ளும். இந்த ஈ நெருங்கினாலே மந்தை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். இதன் உறவுக்கார ஈக்களுக்கு 1758-இல் உயிரினங்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸ் ‘ஈஸ்ட்ரஸ்’ என்று பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்தில் பசுவாக்கப்பட்ட இயோ என்ற பெண்ணைத் தேசம் தேசமாகத் துரத்திய ஈக்குக் கிரேக்கர் சொன்ன பெயர் அது. வெறிக்கும் அவர்களுக்கு அதே சொல்தான். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் பெயரும் அங்கிருந்து வந்தது.

சாக்ரடீஸ் தன்னைச் சொல்லிக்கொண்டது இந்தச் சொல்லால் அல்ல. கி.மு. 399 விசாரணையைப் பிளேட்டோ எழுதியபடி, ஏதென்ஸ் பருத்து மந்தமான உயர்ஜாதிக் குதிரை. அதன்மேல் தெய்வம் ஏவிய ‘மியோப்ஸ்’ அவர். அந்தச் சொல்லுக்குக் கடிக்கும் ஈ என்றும் பொருள், குதிரைக்காரனின் குதிமுள் என்றும் பொருள். ஆங்கிலத்திலும் ‘கேட்’ என்பது இரும்பு முள். நம் வண்டிக்காரர் கையில் இருக்கும் தார்க்குச்சியின் முனை. ‘மாட்டு ஈ’ என்னும்போது முள் உதிர்ந்துவிடுகிறது, அரிப்பு மட்டும் மிஞ்சுகிறது. சும்மா தொணதொணப்பவருக்குக் ‘கொசுத் தொல்லை’ போதும். இவருக்குத் ‘தார்க்குச்சி’தான் பொருத்தம் என்பது என் கட்சி.

ஆனால் தார்க்குச்சியை யாரும் அடித்துக் கொல்வதில்லை. தூக்கம் கலைந்தவர்கள் ஒரே அடியில் தன்னைத் தீர்த்துவிட்டு மீதிக் காலமும் தூங்கலாம் என்று சாக்ரடீஸ் அடுத்துச் சொல்வதற்கு ஈதான் வேண்டும்.