கருவிக்கு நாலு வரி

வணக்கம் நேயர்களே. தருமபுரி பஸ் நிலையத்தில் ‘ஓசூர்’ என்று மட்டும் பலகை மாட்டிய பஸ் ஒன்று நிற்கிறது. ராயக்கோட்டைக்குப் போக வேண்டியவர் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால், நடத்துநர் வந்து “இது கிருஷ்ணகிரி வழிங்க, பாலக்கோடு வழி வண்டி அந்தப் பக்கம்” என்று இறக்கிவிடுவார். நான் இன்று பேச வந்திருக்கும் விஷயத்தில் நடத்துநர் கிடையாது. பலகை மட்டும்தான்.

ஏஐ ஏஜெண்ட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், வேலையையும் செய்து முடிக்கும் மென்பொருள். நேற்றைய சந்தை விலையோ மழையளவோ அதற்குத் தானாகத் தெரியாது. அதற்காகச் சில கருவிகளை, அதாவது ஆளுக்கொரு வேலை செய்யும் சின்னச் சின்ன நிரல்களை, கொடுத்துவைக்கிறோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரி விவரம், என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற குறிப்பு. ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட, ஏஜெண்டையும் கருவிகளையும் இணைப்பதற்கான எம்சிபி என்ற பொது விதிமுறையிலும் ஏற்பாடு இதுதான். கருவிக்குள் இருக்கும் நிரலை ஏஜெண்ட் பொதுவாகப் பார்ப்பதில்லை. நாம் எழுதிவைத்த அந்தச் சில வரிகளைப் படித்தே எந்தக் கருவியை எடுப்பது, எதை உள்ளே கொடுப்பது என்று முடிவு செய்கிறது.

நான் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். என் மாணவர்கள் பயிற்சிக்காக மழையளவுக் கருவி ஒன்று செய்தார்கள். விவரம் ஒரே வரி: ‘மழையளவைத் தரும்.’ மாவட்டமும் ஆண்டும் கொடுத்தால் போதும். ஒரு மாணவி, 1998ஆம் ஆண்டு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எவ்வளவு மழை என்று கேட்டார். அந்த ஆண்டு மழையே பெய்யவில்லை என்று ஏஜெண்ட் பதில் சொன்னது!

வகுப்பு சிரித்தது. எனக்கோ உற்சாகம் பிறந்துவிட்டது. மாவட்டப் பிரிவினை என்றால் எனக்குப் பேச்சு நிற்காது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முன் ஓசூரும் போச்சம்பள்ளியும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தன. இன்னும் பின்னால் போனால் 1965 அக்டோபர் 2 வரை தருமபுரியே சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. இங்கே பிறந்து வளர்ந்த பெரியவர் எவரும் இதைச் சொல்லிவிடுவார். கருவியோ 1998 என்றதும் கிருஷ்ணகிரியைத் தேடியது, கிடைக்கவில்லை, வெறுமையாகத் திருப்பியது. அந்த வெறுமையை ஏஜெண்ட் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. படித்த வரியில் வேறு என்ன இருந்தது?

மாணவர்கள் பிறகு இப்படித் திருத்தி எழுதினார்கள்: ‘மாவட்டத்தின் ஆண்டு மழையளவை மில்லிமீட்டரில் தரும். கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. முந்தைய ஆண்டுகளுக்குத் தருமபுரி என்று கேட்டு, அது பிரிக்கப்படாத மாவட்டத்தின் அளவு என்று பயனரிடம் சொல்லவும். விடை வெறுமையாக வந்தால் பதிவு இல்லை என்று பொருள். மழை இல்லை என்று பொருள் அல்ல.’ நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அடுத்த முறை அதே கேள்விக்குச் சரியான பதில் வந்தது. மறுபடியும் சொல்கிறேன், நிரலைத் தொடவே இல்லை.

ஊர்ப் பெயரும் இப்படித்தான். போச்சம்பள்ளி என்றால் நமக்குச் சந்தை. தெலங்கானாவிலும் ஒரு போச்சம்பள்ளி உண்டு, பட்டுச் சேலைக்குப் பேர்போனது. ஊரோடு மாவட்டத்தையும் தர வேண்டும் என்று எழுதாவிட்டால் எந்த ஊருக்குப் போகும் என்று யார் கண்டது?

விலைக்கு வருவோம். மத்திய அரசின் அக்மார்க்நெட் தளம் விலையைக் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, இவ்வளவு ரூபாய் என்று தருகிறது. பாலக்கோட்டுத் தக்காளி விவசாயி பேசுவது கூடைக் கணக்கில். வீட்டுக்கு வாங்குகிறவர் கேட்பது கிலோவில். கருவி ‘1800’ என்று ஓர் எண்ணை மட்டும் நீட்டினால் அது எதற்கான விலை? கிலோ 18 ரூபாய் என்று ஏஜெண்ட் சொல்ல வேண்டுமானால், குவிண்டாலுக்கு என்ற ஒரு சொல் விவரத்தில் இருந்தே ஆக வேண்டும். சிலர் அந்த இடத்தில் ‘மிகச் சிறந்த, துல்லியமான விலைக் கருவி’ என்று எழுதுகிறார்கள். விளம்பரம் யாருக்கு? ஏஜெண்டா கடைக்கு வரப்போகிறது? எந்த அலகு, எந்தப் பகுதி, எந்த ஆண்டு முதல், எது இதில் கிடையாது, இவைதான் வேண்டும். கிடையாது என்பதை எழுத நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். பிழைச் செய்தியைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். ‘பிழை’ என்று மட்டும் கருவி சொன்னால் ஏஜெண்ட் அதே தவற்றோடு திரும்பத் திரும்ப முட்டும். ‘தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தருக’ என்றால் திருத்திக்கொள்ள வழியுண்டு. பதிவுகளை அழிக்கும் கருவியாக இருந்தால், அழித்தது திரும்ப வராது என்று கட்டாயம் எழுதுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். மனிதரிடம் ஒப்புதல் கேட்காமல் அழிக்க முடியாதபடி நிரலிலேயே தடை இருக்க வேண்டும். ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு கருவிகளை எப்படிப் பிரித்துக் காட்டுவது என்பதை இன்னொரு நாள் அழைத்தால் பேசுகிறேன். வணக்கம்.