மூன்று கிட்டார்களும் ஒரு தகரக் கூரையும்

நண்பர்களே, வணக்கம்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன்: லினர்ட் ஸ்கினர்ட், ஒரு அமெரிக்க ராக் பேண்டு. இதை எப்படி வாசிப்பது என்று அமெரிக்கர்களே முழித்தார்கள். அதனால் 1973இல் வந்த முதல் ஆல்பத்துக்கு, பெயரை உச்சரிக்கும் விதத்தையே தலைப்பாக வைத்தார்கள். பெயருக்குக் காரணம் ஒரு பீட்டி வாத்தியார். ஃப்ளோரிடாவில் ஜாக்சன்வில் நகரப் பள்ளியொன்றில், முடி வளர்த்த பையன்களை விடாமல் கண்டித்த லியோனார்ட் ஸ்கின்னர். பையன்கள் எழுத்தைக் கோணலாக்கி அவர் பெயரையே பேண்டுக்கு வைத்துவிட்டார்கள். பிற்பாடு அவரே மேடையேறி இவர்களை அறிமுகம் செய்தார் என்பது வேறு கதை.

அமெரிக்கத் தென் மாநிலத்து ராக் என்றால் குடித்துவிட்டு இஷ்டத்துக்கு வாசிப்பது என்று ஒரு நினைப்பு. குடித்தார்கள், அது உண்மைதான். ஆனால் வாசிப்பில் இஷ்டத்துக்கு இடமில்லை. ஜாக்சன்வில்லுக்குத் தெற்கே ஒரு பண்ணையில், தகரக் கூரை போட்ட சின்ன மர வீட்டில் பயிற்சி செய்தார்கள். ஃப்ளோரிடா வெயில், ஏசி கிடையாது. 'நரக வீடு' என்றே அதற்குப் பெயர். பாடகர் ரானி வான் ஸாண்ட் அங்கே எல்லாரையும் விரட்டி வேலை வாங்கினார். கிட்டார் தனி வாசிப்புகூட முன்பே கட்டி முடித்தது. மேடையில் அது அப்படியே வரவேண்டும்.

'ஃப்ரீ பேர்ட்' பாட்டைக் கேளுங்கள். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். முதல் பாதி மெதுவாகப் போகும். கேரி ராஸிங்டனின் ஸ்லைடு கிட்டார் (கம்பிமேல் ஒரு குழாயை வழுக்கி வாசிப்பது) அழுவதைப் போல இழையும். திடீரென்று வேகம் பிடிக்கும். அப்புறம் வார்த்தையே கிடையாது. அந்த நீண்ட வாசிப்பை ஆலன் காலின்ஸ் ஒருவரே இரண்டு முறை வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார்கள். சரி, மேடையில் என்ன செய்வது? பேஸ் கிட்டார் வாசிக்க வந்திருந்த எட் கிங்கை மூன்றாவது கிட்டாருக்கு மாற்றினார்கள். இப்படித்தான் மூன்று கிட்டார் இவர்களுடைய அடையாளமானது.

1974இல் இரண்டாவது ஆல்பம். அதில்தான் 'ஸ்வீட் ஹோம் அலபாமா'. அமெரிக்கப் பட்டியலில் எட்டாம் இடம் வரை போனது. எழுதிய மூவரில் ஒருவர்கூட அலபாமாக்காரர் இல்லை! மேடையில் பழைய கூட்டமைப்புக் கொடியையும் கட்டினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் கொடி அது. பாட்டு பிடித்தவன் என்பதற்காக அதை நான் மழுப்ப மாட்டேன்.

அடுத்த இரண்டு ஆல்பங்களில் கொஞ்சம் களைப்பு தெரிகிறது. எட் கிங்கும் 1975இல் விலகினார். மறு வருடம் ஸ்டீவ் கெய்ன்ஸ் வந்தார். பின்னணி பாடிக்கொண்டிருந்த காஸியின் தம்பி. அட்லான்டா ஃபாக்ஸ் தியேட்டரில் பதிவான நேரலை ஆல்பத்தில் இவர் கை விழுந்ததுமே பழைய சூடு திரும்பிவிட்டது. ஸ்டுடியோவில் இவர் வாசித்த 'ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்', என் கணக்கில், இவர்களுடைய மிகச் சிறந்த இசைத்தட்டு.

1977 அக்டோபர் 17இல் அது கடைக்கு வந்தது. அட்டைப் படத்தில் இவர்களைச் சுற்றித் தீ எரியும். மூன்று நாள் கழித்து, இவர்களோடு பேட்டன் ரூஜ் நகருக்குப் போய்க்கொண்டிருந்த விமானம் எரிபொருள் தீர்ந்து மிசிசிப்பிக் காட்டில் விழுந்தது. ஆறு பேர் இறந்துபோனார்கள். ரானியும் ஸ்டீவும் காஸியும் அதில் அடக்கம். தீ அட்டையை மாற்றிக் கறுப்புப் பின்னணி போட்டார்கள்.

பத்து வருடம் கழித்து, 1987இல் மீண்டும் கூடியபோது ரானியின் தம்பி ஜானி பாடினார். ஆனால் 'ஃப்ரீ பேர்ட்'டை மட்டும் அவர் பாடவில்லை. மேடை நடுவில் ஒரு மைக் ஸ்டாண்டு, அதன்மேல் ஒரு தொப்பி. கிட்டார்கள் வாசித்தன, வரிகளைக் கூட்டம் பாடியது.