பறவைப் படத்துக்குப் பக்கத்து ஏரி போதும்

(கிருஷ்ணகிரியில் பறவை ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், கழுத்தில் கேமராவோடு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

பறவைப் படம் எடுக்க எங்கே போகலாம்? என்னைப் பார்த்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். வேடந்தாங்கல் போகலாம், கோடியக்கரை போகலாம், மைசூர்ப் பக்கம் ரங்கனதிட்டு போகலாம். நானும் போகிறேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கெல்லாம் போய் நல்ல படத்தோடு திரும்பி வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் தன் ஊர் ஏரிக்கரையில் வருஷக்கணக்கில் நின்று பழகியவர்களாகத்தான் இருப்பார்கள். வெளியூரில் ஒரு பறவை உங்களுக்கு அரை நிமிஷம் கொடுத்தால் பெரிய விஷயம். அது அடுத்து என்ன செய்யும் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த அரை நிமிஷம் பயன்படும். அந்தப் பழக்கத்தைச் சொந்த ஊர்தான் தர முடியும். இன்றைக்கு நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

நமக்கு என்ன குறை? கிருஷ்ணகிரி அணை என்கிற கே.ஆர்.பி. அணை இருக்கிறது. பாரூர் ஏரி இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணை, பாலக்கோடு பக்கம் தும்பலஹள்ளி அணை. மாந்தோப்புக்கும் புளியமரத்துக்கும் பஞ்சமே இல்லை. சங்குவளை நாரையைப் பார்க்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறவர்கள், அதே நாரை நம் ஏரியின் சேற்றில் அலகைத் திறந்து வைத்துத் துழாவிக்கொண்டிருப்பதைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்து போகிறார்கள்.

சரி, ஏரிக்குப் போகிறோம். எந்தக் கரையில் நிற்பது? பலர் வண்டி நிறுத்த வசதியான கரையில் நிற்கிறார்கள். ஆனால் இடத்தை முடிவு செய்ய வேண்டியது காற்றும் வெயிலும். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆகவே காற்று உங்கள் முதுகில் பட்டால், எழும்பும் பறவை உங்கள் பக்கம் முகம் காட்டி வரும். காற்று உங்கள் முகத்தில் அடித்தால், உங்களுக்குக் கிடைப்பது வால் மட்டும்தான். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, காலை வெயிலும் கிழக்கிலிருந்து வருகிறது. ஏரியின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் இரண்டும் சேர்ந்து உங்களுக்கு உதவும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும்போது காலையில் இந்தக் கணக்கு ஒத்துவராது. அப்போது மாலையில் போங்கள், மேற்குக் கரையில் நில்லுங்கள். இதைத் தெரிந்துகொள்ளப் பணம் செலவாகாது. ஆனால் லட்ச ரூபாய் லென்ஸால்கூட இதற்கு ஈடுகட்ட முடியாது.

வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேலும் பாறைக்கு மேலும் காற்று அலைகிறதே, அதை மறந்துவிடாதீர்கள். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து வளைந்து வருகிறது. தூரத்துப் பறவை கலங்கிப்போய்த்தான் பதிவாகும். லென்ஸ் சரியில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் முதலில் காலை ஏழு மணிக்கு எடுத்துப் பார்க்கட்டும்.

இன்னும் இரண்டு மூன்று செய்திகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 2000-ல் ஒரு பங்கு வையுங்கள், உட்கார்ந்திருப்பதற்கு 500-ல் ஒரு பங்கு தாராளம். இருண்ட தண்ணீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவில் பதியும் வெளிச்சத்தின் அளவை, குறையுங்கள், இல்லாவிட்டால் இறகு ஒன்றும் தெரியாமல் வெளுத்துவிடும். வெளிச்சமான வானத்துக்கு எதிரே கருப்பான கரிச்சான் உட்கார்ந்திருந்தால் கூட்டுங்கள். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். தரையில் இருக்கும் பறவையை எடுக்க நீங்களும் தரையோடு படுத்துவிடுங்கள், சட்டை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பறவையின் நடத்தை. பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய கம்பிக்கே திரும்பும். அதைத் துரத்தாமல் கம்பியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும். உடம்பெல்லாம் ஆடும், தலை மட்டும் ஆணி அடித்தது மாதிரி நிற்கும். பாய்வதற்கு முன் அது உங்களுக்குத் தருகிற நேரம் அது.

தூக்கணாங்குருவியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துத் திறந்த கிணறுகளின் மேல் சாய்ந்திருக்கும் கிளைகளில் மழைக்காலத்தில் கூடுகள் தொங்குவதைப் பார்க்காதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். மஞ்சள் தலையோடு இருப்பது ஆண், கட்டுவதும் அதுதான். ஈச்ச ஓலையிலோ கரும்புத் தோகையிலோ ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வெட்டும். அந்த முனையைக் கவ்விக்கொண்டு அப்படியே பறக்கும், பறக்கும் வேகத்தில் நீளமான நார் ஒன்று உரிந்து வரும். அரைக்கூடு வரைக்கும் பின்னிவிட்டு உள்ளே ஈர மண்ணைக் கொண்டுவந்து அப்பும். பிறகு கூட்டுக்கு அடியில் தொங்கிச் சிறகடித்துக் கூப்பிடும். பெட்டை வந்து உள்ளே பார்க்கும், பின்னிய நார்களை இழுத்துப் பார்க்கும், பிடித்தால்தான் தங்கும். அதற்குப் பிறகுதான் ஆண் குருவி முட்டையறையை மூடி, நீளமான நுழைவுக் குழாயைப் பின்னும். பிடிக்காத அரைக்கூடு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். இந்த வரிசை தெரிந்தால் எந்த நாளில் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று தெரியும். நார் உரிக்கிற இடம் கூட்டிலிருந்து தள்ளித்தான் இருக்கும். அங்கே போய் உட்கார்ந்தால் கூட்டுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல், யாரிடமும் இல்லாத படம் கிடைக்கும்.

இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் என்று இருவர். 1892-ல் முட்டைகளோடு இருந்த பறவைக் கூட்டைப் படம் எடுத்து, இந்தக் கலைக்கு முன்னோடிகளானவர்கள் அவர்கள். பறவைக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ள, உள்ளே வெற்றிடமாகச் செய்த ஒரு மாட்டு உருவத்துக்குள் கேமராவோடு புகுந்துகொண்டார்கள். பறவைகள் மாட்டுக்குப் பயப்படாது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு இங்கேயும் செல்லும். நிலத்தில் டிராக்டர் உழும்போது உண்ணிக்கொக்கும் மைனாவும் கரிச்சானும் கொழுமுனைக்குப் பின்னாலேயே வருகின்றன. நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு வரப்பில் அமைதியாக உட்காருங்கள். காரை விட்டு இறங்காமல் எடுப்பதும் இதே வழிதான்.

இப்போது வெளியே போகும் விஷயம். அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கத்துக் காடுகள் காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று 2014-லும் 2022-லும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே போய்ப் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இன்னொன்று, ராகி அறுவடைக் காலத்தில் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை நடமாட்டம் இருக்கும். விடியாத நேரத்தில் ஏரிக்குப் போகிறவர்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் போகாதீர்கள்.

அந்தப் பக்கத்துப் பாறை மலைகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் இருக்கிறது. தென்னிந்தியாவின் பாறையும் புதருமான குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. அதைப் பார்க்கிற ஆசையில் கைபேசியில் அதன் குரலைப் போட்டு வரவழைக்கிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தன் எல்லைக்குள் வேறொரு சின்னான் புகுந்துவிட்டது என்று நினைத்து அது இரையை விட்டுவிட்டு ஓடி வருகிறது. நீங்கள் ஒரு தடவை, அடுத்து வரும் காரில் இருப்பவர் ஒரு தடவை. நாள் முழுக்க இல்லாத எதிரியோடு அது போராட வேண்டியிருக்கிறது.

கூடுகள் விஷயத்திலும் அப்படித்தான். ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடும். வெயில் காலத்தில் தாய்ப்பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து முட்டையைக் குளிர்விக்கிறது. நீங்கள் பக்கத்தில் நின்று படம் எடுக்கிற நேரமெல்லாம் அது தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றும், முட்டை வெயிலில் கிடக்கும். நீங்கள் குனிந்த இடத்தைக் காக்கை பார்த்து வைத்துக்கொள்ளும். ஆள்காட்டி கத்த ஆரம்பித்தால் உடனே விலகிவிடுங்கள். பல புகைப்படப் போட்டிகளில் கூட்டுப் படங்களை இப்போது ஏற்பதே இல்லை, நல்ல முடிவு. ஆந்தை தங்கும் மரத்தின் இடத்தையும் இணையத்தில் போடாதீர்கள். மாந்திரீகத்துக்கு என்று ஆந்தையைப் பிடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், தீபாவளி சமயத்தில் அதிகம்.

மற்ற பறவைகளின் படத்துக்கு இடமும் நாளும் கட்டாயம் குறியுங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மங்கலான படமாக இருந்தாலும் இந்த ஏரிக்கு இந்த நாளில் இந்தப் பறவை வந்தது என்பதற்கு அது சாட்சி. இமயமலை அடிவாரத்தில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வரும் ஆறுமணிக்குருவி, உங்கள் கொல்லைப்புறத்துச் சருகில் முதலில் தென்பட்ட நாளை நீங்கள் எழுதி வைக்காவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? 2015-லிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். கேமராவே தேவையில்லை.

எந்தக் கேமரா வாங்கலாம் என்று முன்வரிசைத் தம்பி துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். லென்ஸ் மாற்ற முடியாத, அதிக ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமரா ஒன்றை நல்ல நிலையில் பழையதாக வாங்குங்கள் தம்பி. ஒரு வருஷம் ஒரே ஏரியில் எடுங்கள். எது போதவில்லை என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும், அப்போது லென்ஸ் பற்றிப் பேசுவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு பாரூர் ஏரியின் கிழக்குக் கரைக்கு வந்துவிடுங்கள். பச்சை, காக்கி, பழுப்பு எதுவானாலும் மங்கலான சட்டையாகப் போட்டு வாருங்கள். குடிதண்ணீர் அவரவர் கொண்டுவர வேண்டும்.