துண்டுக்குள் நடக்கும் பேரம்: அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தை

"குதிரை பேரம்" என்று காதில் விழுந்தால் நமக்கு எம்எல்ஏக்களும் சொகுசு விடுதியும்தான் ஞாபகம் வரும். ஆனால் நிஜக் குதிரையை நிறுத்தி, நிஜமாகவே பேரம் பேசும் இடம் ஒன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு கோயில் திருவிழாவில். அந்தப் பேரத்தில் விலையை யாரும் வாயால் சொல்லாமலே ஒரு மாடு கைமாறிவிடும். அது எப்படி? வாங்க, பார்ப்போம்.

முதலில் வரலாறு, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அந்தியூருக்குப் பக்கத்தில் புதுப்பாளையம். அங்கே குருநாதசுவாமி கோயில். ஆடி மாதம் திருவிழா. சாமிகள் ஊர்வலமாக வனக்கோயிலுக்குப் போவார்கள். அதையொட்டிக் கால்நடைச் சந்தை கூடும். திப்பு சுல்தான் காலத்திலிருந்தே இங்கே குதிரை விற்கிறது என்று ஊரில் சொல்வார்கள். சரி, வரலாறு முடிந்தது.

(திரையில்: குதிரையின் காதுகள், மிக அருகில்)

இந்தக் காதைப் பாருங்கள். நுனி இரண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடுகிறது. இது மார்வாரி, ராஜஸ்தான் இனம். வெள்ளை வெளேர் என்று நிற்பது நொக்ரா. மாட்டுப் பக்கம் வந்தால் காங்கேயம். இதன் கன்று பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருக்கும், ஆறு மாதம் போனால் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். செம்பழுப்பில் வெள்ளைத் திட்டு போட்டிருப்பது பர்கூர் மலைமாடு, உள்ளூர்ப் பிள்ளை. அந்த மலை அந்தியூருக்கு மேலேதான் இருக்கிறது.

இப்போது துண்டுக்கு வருவோம். இதற்காகத்தான் இந்த வீடியோவே.

நம்ம ஊர் மாட்டுச் சந்தைகளில் தரகர் ஒருவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, வாங்க வந்தவரின் கை மேல் போர்த்துவார். உள்ளே இரண்டு கைகளும் பேசிக்கொள்ளும். நாலு விரலைப் பிடித்து அழுத்தினால் நாலு. நாலாயிரமா, நாற்பதாயிரமா? அதைக் கேட்டால் நீங்கள் சந்தைக்குப் புதுசு என்று தெரிந்துவிடும்! எதிரே நிற்கும் மாட்டைப் பார்த்தாலே இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவர் தலையாட்டுவார். இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார், கட்டுப்படி ஆகாது என்று அர்த்தம். மறுபடி விரல். மறுபடி வானம். சுற்றி நாற்பது பேர் நின்றாலும் ஒருவருக்கும் விலை தெரியாது.

ஏன் இந்த ஒளிவுமறைவு? பக்கத்தில் நிற்பவரும் அதே மாட்டுக்கு ஆசைப்பட்டு வந்தவராக இருக்கலாம். இவர் சொன்ன விலை வெளியே கேட்டால், அவர் அதற்கு மேல் ஐந்நூறு வைப்பார். விற்பவருக்கும் பயம்தான். இந்த ஆளுக்குக் குறைத்துக் கொடுத்தது அடுத்த ஆளுக்குத் தெரிந்தால் அவரும் அதே விலைக்குக் கேட்பார். பாஸ்வேர்டு, ஓடிபி எதுவும் இல்லாத காலத்திலேயே நம்ம ஆட்கள் ஒரு துண்டை வைத்து வேலையை முடித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கணும்.

விரல் பேசுவதற்கு முன்னால் பல் பார்ப்பார்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, தெரியுமா? கீழே மட்டும் எட்டு. பால்பல் விழுந்து இரண்டு இரண்டாக முளைப்பதை எண்ணித்தான் "ரெண்டு பல்லு", "நாலு பல்லு" என்று வயசு சொல்கிறார்கள். எட்டும் முளைத்துவிட்டால் கடைசேர்ந்த மாடு. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, காசு கொடுத்தால் தாராளமாகப் பார்க்கலாம்.

அப்புறம் சுழி, அதாவது மாட்டின் உடம்பில் முடி சுழன்று வளர்ந்திருக்கும் இடம். காலில் விலங்குச் சுழி இருந்தால் வாங்கியவர் கைக்கு விலங்கு வரும் என்பார்கள். நான் நம்பவில்லை. ஆனால் நாளைக்கே நான் ஒரு மாடு வாங்கப் போனால், ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் அச்சாரம் கொடுப்பேன்!

உங்கள் ஊர்ச் சந்தையில் ஐந்துக்கு மேல் விரலில் எப்படிச் சொல்வார்கள்? தெரிந்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். ஆடியில் அந்தியூர் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். தோளில் துண்டு வேண்டாம், தரகர் என்று நினைத்து யாராவது கையை நீட்டிவிடப் போகிறார்கள்.