ஊர் திரும்புவதற்குள் கைமாறிய பள்ளிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைத் தாக்கியது. அந்த ஊரை மூழ்கடித்ததற்குப் புயலை மட்டும் குறை சொல்ல முடியாது. ராணுவப் பொறியாளர் படை கட்டிய வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நகரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. அங்கே மூன்றில் இரண்டு பங்கு மக்கள் கறுப்பினத்தவர். ஹூஸ்டன், அட்லாண்டா என்று ஆளுக்கொரு திசையில் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்கள் வெளியூரில் இருந்தபோது நடந்ததுதான் என் பேச்சு. நவம்பரிலேயே, அந்த ஊர் இருக்கும் லூசியானா மாநிலத்தின் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. மதிப்பெண்ணில் மாநிலச் சராசரியை எட்டாத பள்ளியையே தோற்ற பள்ளி என்று சொல்லி மாநில அரசு கைப்பற்ற வழி பிறந்தது. நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மாநில அரசிடம் போய், அங்கிருந்து படிப்படியாகச் சார்ட்டர் அமைப்புகளுக்குப் போயின. சார்ட்டர் பள்ளி என்றதும் கட்டணம் வாங்கும் பள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். பணம் அரசாங்கத்துடையது, நடத்துவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒரு தனி வாரியம்.

அப்புறம் வேலைநீக்கம். ஏழாயிரத்துக்கும் அதிகமான பள்ளி ஊழியர்கள் ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டார்கள். ஆசிரியர்களில் சுமார் 70 சதவீதம் பேர் கறுப்பினத்தவர், பெரும்பாலும் பெண்கள். வீட்டுக் கடன், ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு எல்லாம் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தன. வீடும் போய், வேலையும் போனால் எதை நம்பி ஊர் திரும்புவது? வழக்குப் போட்டு 2012-ல் ஜெயித்தார்கள். 2014-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதற்குள் கறுப்பின ஆசிரியர்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன. பள்ளிப் படிப்பை முடிப்பவர்களும் கூடினார்கள். அது உண்மை. ஆனால் அக்கம்பக்கத்துப் பள்ளி என்ற உரிமை போய், பிள்ளைகள் விடியற்காலையில் பஸ் பிடித்து நகரத்தின் மறுகோடிக்குப் போனதும் உண்மை. 2010-ல் அன்றைய அமெரிக்கக் கல்விச் செயலர், அதாவது நம் ஊர்க் கணக்கில் கல்வி அமைச்சர், ஆர்னே டங்கன், அந்நகரக் கல்விக்கு நடந்ததிலேயே மிக நல்லது கத்ரீனாதான் என்று பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்தப் பேச்சு வாய் தவறி வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முடிவெடுத்த பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

2019-ல் அங்கே எல்லாப் பொதுப் பள்ளிகளும் சார்ட்டர் ஆகியிருந்தன. 2024-ல்தான் மாவட்டப் பள்ளி வாரியம் நேரடியாக நடத்தும் ஒரு பள்ளியைத் திறந்தது. அந்த ஊரின் புகழ்பெற்ற சமையல் கலைஞர் லியா சேஸின் பெயர் அதற்கு. இப்போதைக்கு ஒன்றே ஒன்றுதான்.