திரைப்பட விழா அட்டவணையில் எதை வட்டமிடுவது? பென்சிலோடு உட்கார்ந்துவிட்டேன்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வெளியே எங்கும் போகவில்லை. மேசை, பென்சில், ரப்பர், அப்புறம் இந்தத் தாள், அவ்வளவுதான். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். தெரிகிறதா? திரைப்பட விழாவின் அட்டவணை. நெடுக நேரம், குறுக்கே திரைகள், ஒவ்வொரு கட்டத்திலும் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு படத்தின் பெயர்.

ஒரு நாளைக்கு 5 காட்சி, 6 திரை என்றால் 30 கட்டம். ஓடி ஓடிப் பார்த்தாலும் 5 படத்துக்கு மேல் பார்க்க முடியாது. அதாவது ஒவ்வொரு நாளும் 25 படத்தைக் கைவிட்டே ஆக வேண்டும். அதனால் எதைப் பார்ப்பது என்று நான் தொடங்குவதே இல்லை. எதை விட்டாலும் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்து, அதை முதலில் அடித்துவிடுகிறேன்.

முதல் அடி பெரிய விருதுப் படங்களுக்கு. கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய படம் என்றால் வரிசை வாசல் தாண்டி நிற்கும். நானும் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன், உள்ளே போக முடியாமல் திரும்பியிருக்கிறேன். ஆனால் அந்தப் படங்களை விநியோகத்துக்கு ஏற்கெனவே யாராவது வாங்கியிருப்பார்கள். சில மாதத்தில் திரையரங்கிலோ ஓடிடியிலோ வந்துவிடும். அதே நேரத்தில் பக்கத்துத் திரையில் ஓடும் ஒரு முதல் படத்துக்கு வாங்குவதற்கு ஆளே இருக்காது. விழா முடிந்ததும் அது எங்கே போகும் என்று அந்த இயக்குநருக்கே தெரியாது. என் டிக்கெட் அந்தப் படத்துக்குத்தான்.

சரி, அந்தச் சின்னப் படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கதைச்சுருக்கத்தை நம்பாதீர்கள். விழாப் புத்தகத்தில் அது எல்லாப் படத்துக்கும் ஒரே அச்சுதான். பல வருடம் கழித்து ஊர் திரும்புகிற ஒருத்தி, அப்பாவின் மௌனம், புதைந்து கிடக்கும் ஒரு ரகசியம். நாட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், இதோ விரல் வைக்கிறேன் பாருங்கள், இந்த வரி.

முதலில் நாடுகளின் பெயர். ஒரே படத்துக்கு நான்கைந்து நாடு போட்டிருக்கும். அத்தனை ஊரிலும் படம் பிடித்தார்கள் என்று அர்த்தமில்லை, பணம் அங்கிருந்தெல்லாம் வந்திருக்கிறது. அங்கே ஹூபர்ட் பால்ஸ் நிதி என்ற பெயர் இருந்தால் உடனே வட்டமிட்டுவிடுவேன். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் விழாவைத் தொடங்கியவரின் பெயரில் அந்த விழாவே நடத்தும் நிதி அது. பணத்துக்கு வழியில்லாத நாடுகளின் இயக்குநர்களுக்குத் தேடிப் போய்க் கொடுப்பார்கள். பெர்லின் விழாவுக்கும் இதே போல உலக சினிமா நிதி என்று ஒன்று உண்டு. படம் நன்றாக இருக்கும் என்பதற்கு இது உத்தரவாதம் இல்லை. ஆனால் வேறு எங்கும் பார்க்கக் கிடைக்காத இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போகும்.

அடுத்தது பிரீமியர் என்ற வார்த்தை. வேர்ல்ட் பிரீமியர் என்றால் உலகத்திலேயே முதல் காட்சி. இன்டர்நேஷனல் பிரீமியர் என்றால் சொந்த நாட்டில் ஓடிவிட்டது, வெளியே இதுதான் முதல் முறை. வேர்ல்ட் பிரீமியர் என்று போட்டிருந்தால் ஒரு விமர்சனம்கூட வந்திருக்காது, நட்சத்திரம் போட ஆளில்லை. படம் சொதப்பினால் சொதப்பியதுதான். எனக்கு அந்தச் சூதாட்டம் பிடிக்கும்.

அப்புறம் மீட்டெடுத்த பழைய படங்கள். இந்தப் பகுதியை நிறைய பேர் புரட்டிவிட்டுப் போகிறார்கள், எனக்கு வயிறு எரியும். அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி பழைய படங்களைக் காப்பாற்ற 1990-ல் தொடங்கிய ஃபிலிம் ஃபவுண்டேஷனின் பெயரோ, இத்தாலியின் போலோன்யா ஆய்வகத்தின் பெயரோ அந்த வரியில் இருந்தால், கிடைத்த நெகடிவைத் தேடிப்பிடித்துக் கீறலையும் கறையையும் ஃபிரேம் ஃபிரேமாகத் துடைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 1,29,600. கறுப்பு வெள்ளையில் ஒரு கிழவியின் கன்னத்துச் சுருக்கம் பெரிய திரையில் எப்படித் தெரியும் என்பதை ஃபோனில் காட்டவே முடியாது.

விருதுகளைப் பற்றி ஒரு சின்னக் குசும்பு. வெனிஸில் சிங்கம், பெர்லினில் கரடி, லொகார்னோவில் சிறுத்தை, ரோட்டர்டாமில் புலி, இந்தியச் சர்வதேச விழாவில் மயில், கேரளாவில் செம்போத்து. போஸ்டரில் வரிசையாகப் பார்த்தால் மிருகக்காட்சி சாலை மாதிரி இருக்கும். ஆனால் எந்த மிருகம் என்பதில் விஷயம் இருக்கிறது. ரோட்டர்டாம் புலி புதிதாக வருகிறவர்களுக்கானது. கேரளாவின் போட்டிப் பிரிவு ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு மட்டும். 1976-ல் தொடங்கிய டொரண்டோவில் மிருகமே கிடையாது. அங்கே பெரிய விருதைக் கொடுப்பது பார்வையாளர்களின் ஓட்டு. அம்மாவைக் கூட்டிப்போவதாக இருந்தால் டொரண்டோ, தனியாகப் போனால் புலி. இது என் கணக்கு.

இப்போது நேரக் கணக்கு. 118 நிமிடம் என்று போட்டிருந்தால் 118 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்னால் அறிமுகப் பேச்சு, பின்னால் இயக்குநரோடு கேள்வி பதில், நடுவில் ஒலிவாங்கி வேலை செய்யாமல் போகும். இரண்டு படத்துக்கு நடுவில் 45 நிமிடமாவது விட்டு வையுங்கள். ஒரு படத்துக்கு இரண்டு காட்சி இருந்தால் முதல் காட்சியில் இயக்குநர் இருப்பார், இரண்டாவதில் இருக்கை இருக்கும். எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதையெல்லாம் மீறி ஒன்று நடக்கும். ஒரு விழாவில், எது என்று சொல்ல மாட்டேன், மூன்று வாரமாகக் காத்திருந்த ஒரு படத்துக்குப் போய் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. திரை நீலமாகவே நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம். பின்னால் புரொஜெக்டர் அறையின் சின்னச் சதுரக் கண்ணாடியில் இரண்டு தலை மட்டும் வந்து வந்து போனது. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. படம் வருவது டிசிபி என்ற பூட்டிய டிஜிட்டல் கோப்பாக. சாவி தனியாக வரும். அந்தச் சாவி குறிப்பிட்ட ஒரு திரையின் சர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும்தான் திறக்கும். இவர்கள் காலையில் இரண்டாம் திரையில் இருந்து நான்காம் திரைக்கு மாற்றியிருக்கிறார்கள், புதுச் சாவி கேட்க மறந்துவிட்டார்கள். படம் கையிலேயே இருக்கிறது, திறக்க முடியவில்லை. பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். நாற்பதாவது நிமிடம் ஒரு பையன் முன்னால் வந்து, வியர்த்து விறுவிறுத்து, வேறு ஒரு பழைய படம் போடட்டுமா என்று கேட்டான். போடச் சொன்னோம். பெயர்கூடச் சரியாகக் காதில் விழவில்லை. அந்த விழாவில் எனக்கு ரொம்பப் பிடித்த படம் அதுதான்.

சரி, தாளுக்கு வருவோம். முதல் நாள், காலை 9 மணி, மூன்றாம் திரை, வேர்ல்ட் பிரீமியர், 97 நிமிடம், வட்டம். 11.30-க்கு மீட்டெடுத்த படம், வட்டம். மாலை 6-க்குத் தங்கப் பனைப் படம்... ம். பென்சில் அங்கேயே நிற்கிறது பாருங்கள். இவ்வளவு பேசிவிட்டு இதை வட்டமிட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். லேசாக ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைக்கிறேன். ரப்பர் பக்கத்தில்தான் இருக்கிறது.